பக்கத்துக் கல்லூரியா, பட்டணத்துக் கல்லூரியா?

(அரசு மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறியல் பேராசிரியராகவும், மாணவியர் விடுதியின் துணைக் காப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்ற மருத்துவர், வாசகர்களின் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. கவுன்சலிங் நேரம் என்பதால் இந்த முறை முழுக்க முழுக்க எம்.பி.பி.எஸ். கடிதங்கள்.)

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குச் சங்கரன்கோவில் பக்கம். வீட்டுக்காரர் விசைத்தறி வைத்திருக்கிறார். மூத்த மகள் நீட் எழுதி, ரேங்க் லிஸ்டில் நல்ல இடத்தில் வந்திருக்கிறாள். போன வருடக் கட்-ஆஃப் வைத்துப் பார்த்தால் சென்னை மருத்துவக் கல்லூரியும் கிடைக்கும், திருநெல்வேலியும் கிடைக்கும் என்கிறார்கள். அவள் 'எம்.எம்.சி.தான்' என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் அப்பாவோ, 'ஹைகிரவுண்டு (பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம்) பக்கத்திலேயே இருக்கும்போது பொம்பளைப் பிள்ளையை எதுக்கு மெட்ராஸுக்கு அனுப்பணும்? தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம், வீட்டுச் சாப்பாடு' என்கிறார். மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். பாளையங்கோட்டைக்குத்தான் கூட்டிப் போகிறோம். மகள் அங்கேயே படித்தால் அதற்கும் ஒத்தாசை என்பது அவர் கணக்கு. எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திச் சாய்ஸ் லாக் பண்ண இன்னும் சில நாள்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.
- ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: அம்மா, திருநெல்வேலி என்றாலும் எனக்குச் சம்மதம், சென்னை என்றாலும் சம்மதம். 'தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம்' என்ற அந்த ஒரு வரிக்குத்தான் என்னால் தலையாட்ட முடியவில்லை. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர். வீட்டை விட்டுக் கிளம்பி, பஸ் ஏறி இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஹைகிரவுண்டு வந்து சேர இரண்டு மணி நேரம். திரும்பிப் போக இரண்டு மணி நேரம். கல்லூரி காலை எட்டு மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிடும், சாயங்காலம் நான்கு வரை போகும். பிள்ளை விடியற்காலை ஐந்தே காலுக்குக் கிளம்பி, இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொக்கும். முதல் வருடத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று மூன்றே பாடம்தான், கேட்கச் சுலபமாக இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் மாநில அளவில் வந்த பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முதலாக ஃபெயில் ஆவது இந்த மூன்றில்தான். நான் பாடம் எடுத்ததும் இதில் ஒன்றுதான், எனவே தைரியமாகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் அவள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். மருத்துவப் படிப்பில் பாதி, நான்கு மணிக்குப் பிறகுதான் நடக்கிறது. உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்ஷன் ஹாலில் காலையில் பார்த்தது எதுவும் அன்றே மண்டையில் ஏறாது. ராத்திரி ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா கையில் எலும்பை வைத்துக்கொண்டு, 'இந்த மேட்டில் எந்தத் தசை ஒட்டுது சொல்லு பார்ப்போம்' என்று நாலு பேரை உட்கார வைத்துக் கேட்பாள் பாருங்கள், அங்கேதான் ஏறும். நாங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் தொண்டை கட்டப் பேசியதை அந்தப் பெண் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடுவாள். வாத்தியாராக இருந்த எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் உண்மை.

இரண்டாம் வருடத்திலிருந்து வார்டு போஸ்டிங் வந்துவிடும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு அட்மிஷன் டே உண்டு. அன்று வருகிற கேஸெல்லாம் அந்த யூனிட்டுக்கு. பாம்புக்கடி சாயங்காலம் வரப்புப் பக்கம் போனவருக்கு நடக்கும், ஆஸ்பத்திரிக்கு வரும்போது ராத்திரி ஆகிவிடும். அரளி விதை அரைத்துக் குடித்த பெண்ணை வீட்டார் மணி பார்த்தா தூக்கி வருவார்கள்? பிரசவ வார்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதையெல்லாம் பார்க்கிற மாணவி ஹாஸ்டலில் இருந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவருகிறவள். நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்துப் போகிறவளுக்கு மறுநாள் காலையில் கேஸ் ஷீட்தான் மிஞ்சும்.

இதனால் நான் பெற்றோரிடம் கல்லூரிக்கும் வீட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதே இல்லை. பிள்ளை ஹாஸ்டலில் இருக்கப் போகிறதா, வீட்டிலிருந்து வரப் போகிறதா என்றுதான் கேட்பேன். திருநெல்வேலியே கிடைத்து, திருநெல்வேலியிலேயே சேர்த்தாலும் ஹாஸ்டலில்தான் போட வேண்டும். இதில் பேரம் கிடையாது.

அடுத்து மாமியார் விஷயம். கோபித்துக்கொள்ளாதீர்கள். டயாலிசிஸுக்கு ஒத்தாசை என்று ஆரம்பிப்பது அதோடு நிற்காது. 'நம்ம புள்ள ஹைகிரவுண்டுலதான படிக்கா' என்று ஒரு தடவை ஊரில் பரவிவிட்டால் போதும். சித்தப்பாவுக்கு ஸ்கேன், பெரியம்மா மருமகளுக்குப் பிரசவம், எதிர்வீட்டுக்காரருக்கு விரல் நசுங்கியது, எல்லாவற்றுக்கும் போன் வரும். 'ஒரு எட்டு வந்து டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் போயேன் தாயி' என்பார்கள். முதல் வருடப் பிள்ளைக்கு ஓ.பி. சீட்டு எங்கே போடுவார்கள் என்பதே தெரியாது. அது எந்த டாக்டரிடம் போய் என்ன சொல்லும்? உள்ளூர்ப் பிள்ளைகள் இன்டர்னல் பரீட்சை அன்று சொந்தக்காரருக்காக எக்ஸ்ரே வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கூப்பிடும் சொந்தக்காரர் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, பெருமையில் கூப்பிடுகிறார்கள். பிள்ளைக்கு மட்டும்தான் மார்க் போகும். எனவே திருநெல்வேலி என்று முடிவானால், ஹவுஸ் சர்ஜன் (கடைசி வருடப் பயிற்சி மருத்துவர்) ஆகிற வரை அவளை யாரும் ஆஸ்பத்திரி வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்று நீங்களே வீட்டில் ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். டயாலிசிஸுக்கு இப்போது யார் கூட்டிப் போகிறீர்களோ அவர்களே தொடர்ந்து போங்கள்.

சரி, இனி இரண்டு கல்லூரிகளுக்கு வருவோம்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1835-ல் தொடங்கியது. திருநெல்வேலி 1965. வயதில் 130 வருட வித்தியாசம். ஆனால் இன்று இரண்டிலும் எம்.பி.பி.எஸ். இடம் 250. இரண்டும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஒரே கேள்வித்தாள், ஒரே பட்டம். சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றுதான். ஊரில் பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை, ஹைகிரவுண்டுக்குக் கேஸ் பஞ்சம் என்று எவராவது சொன்னால் அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம். 2019-ல் புது மாவட்டமான உங்கள் தென்காசிக்கு இன்னும் தனி அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அங்கே சமாளிக்க முடியாதது பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. பாம்புக்கடி, பூச்சிமருந்து, டெங்கு, ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல், நாற்கர சாலை விபத்து எல்லாம் வரும். அதோடு மகப்பேறு, குழந்தைகள், மற்ற பிரிவுகள் எல்லாம் ஒரே வளாகத்தைச் சுற்றித்தான். சென்னையில் அப்படி இல்லை. சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச். இருக்கும், மகப்பேறு போஸ்டிங் எழும்பூரில், குழந்தைகள் போஸ்டிங் எழும்பூரில், கண் ஆஸ்பத்திரியும் எழும்பூரில். மாணவர்கள் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் அலைவார்கள். அந்த அலைச்சலுக்குப் பலனும் உண்டு. ஒவ்வொரு துறைக்கும் தனி ஆஸ்பத்திரி என்கிற அளவுக்கு அங்கே கேஸ் குவிகிறது. வேறு மாவட்டத்தில் ஐந்தரை வருடத்தில் ஒன்று பார்க்கிற நோயை அங்கே ஒரே போஸ்டிங்கில் பார்த்துவிடலாம்.

சென்னையின் இன்னொரு பலம், கூடப் படிக்கிறவர்கள். மாநிலத்தின் முதல் வரிசைப் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கே போய்ச் சேருகிறார்கள். முதுநிலைப் படிப்புக்கான பி.ஜி. நீட்டுக்கு இரண்டாம் வருடத்திலேயே படிக்க ஆரம்பிக்கிற கூட்டம் அது. இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. இதுவரை பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய உங்கள் மகள் அங்கே வகுப்பில் நூற்றைம்பதாவது ஆளாக இருக்கலாம். சில பிள்ளைகள் அதைப் பார்த்து முறுக்கிக்கொண்டு படிப்பார்கள். சில பிள்ளைகள் 'நான் ஒன்றுமில்லை போல' என்று ரூமுக்குள் சுருண்டுவிடுவார்கள். உங்கள் பெண் எந்த ரகம் என்பது பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அவள் ஒரு பரீட்சையில் சறுக்கியபோது என்ன செய்தாள் என்று யோசித்தால் உங்களுக்கே தெரியும். என்னைவிட நீங்கள்தான் சரியாகச் சொல்வீர்கள்.

எனக்கு வரும் கடிதங்களில் நான் கவனித்த ஒன்று. மகளைப் பற்றிய கடிதம் என்றால் 'பக்கத்தில்' என்ற சொல் எங்காவது வந்துவிடுகிறது. மகனைப் பற்றிய கடிதத்தில் 'பெரிய காலேஜ்' என்று வருகிறது. சங்கரன்கோவிலில் உங்கள் மகளுக்குப் பதில் மகன் இதே ரேங்க் வாங்கியிருந்தால், அவன் அப்பா இந்நேரம் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருப்பார். 1907-ல் புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி என்ற பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர்ந்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாம் பாடத்தில் படித்தவர்தான். அன்று அவருக்குப் பக்கத்துக் கல்லூரி என்ற ஒன்றே கிடையாது. இன்று புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் பக்கத்தில் கல்லூரி வந்ததே பெண்பிள்ளையை வெளியூர் அனுப்பாமல் இருக்க ஒரு சாக்காக ஆகிவிடக்கூடாது பாருங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டீர்கள். மகள் 'எம்.எம்.சி.' என்று சொல்வதற்கு என்ன காரணம் வைத்திருக்கிறாள் என்று பொறுமையாகக் கேளுங்கள். தோழி போகிறாள் என்பதற்காக என்றால் கொஞ்சம் பேசிப் பாருங்கள். மற்றபடி எதுவாக இருந்தாலும் சென்னையை முதலில் போட்டு, திருநெல்வேலியை அடுத்துப் போடுங்கள். கல்லூரியின் வயதைப் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. முதல் வருடம் யாருக்கும் கஷ்டம்தான். தானாகக் கேட்டு வாங்கிய இடத்தில் கஷ்டப்படுகிற பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடும். பிடித்து நிறுத்திய இடத்தில் ஒரு பேப்பர் போனால், 'அப்பவே சொன்னேன்ல' என்று உங்கள் பக்கம் திரும்பும். மதிப்பெண் குறைவதைவிட அந்தப் பேச்சு வீட்டில் ரொம்ப நாள் இருக்கும்.

வரிசை போடும்போது ஒன்று கவனம். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே போட்டதைப் பார்க்கவே மாட்டார்கள். 'அப்பா மனசுக்காகத் திருநெல்வேலியை மேலே போட்டு வைப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று நினைத்தால் பிறகு என்பது கிடையாது. லாக் பண்ணும் முன் அவளையே ஒரு முறை பட்டியலை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

சென்னை என்று ஆகிவிட்டால் முதல் மூன்று மாதம் உங்களுக்குத்தான் சிரமம். தினமும் ராத்திரி வீடியோ காலில் 'சாப்பிட்டியா' என்று கேட்டு நீங்கள் அழ, அதைப் பார்த்து அவள் அழ, பக்கத்துக் கட்டில் பெண்ணும் சேர்ந்து அழுவாள். துணைக் காப்பாளராக இருந்தபோது என் வேலையில் பாதி அம்மாக்களைச் சமாதானப்படுத்துவதாகத்தான் இருந்தது. பொதிகை உங்கள் ஊரிலேயே நிற்கிறது. சாயங்காலம் ஏறினால் விடிகாலை எழும்பூர். அவசரம் என்றால் ஒரு ராத்திரி தூரம்தான். அவள் அப்பாவையே முதல் முறை கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தால் ஊரில் அதிகம் பெருமை பேசுவது அவராகத்தான் இருக்கும்.

கேள்வி: டாக்டரம்மா, நான் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தர்மபுரி கிடைக்கும், செங்கல்பட்டும் கிடைக்கும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். செங்கல்பட்டு பழைய காலேஜ், அங்கேதான் போக வேண்டும் என்று சார் சொல்கிறார். எனக்குத் தர்மபுரிதான் பிடித்திருக்கிறது. அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், தங்கை பத்தாவது. வீட்டுக்காகப் பயந்து பக்கத்தில் கேட்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இங்கிலீஷ் நினைத்தால் பயமாக இருக்கிறது.
- ஒரு மாணவன், தர்மபுரி மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் சபாஷ். இப்போது பணக் கவலையை இறக்கி வை. 2020-ல் இந்த ஒதுக்கீடு வந்ததிலிருந்து கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே கட்டுகிறது. தர்மபுரி என்றாலும் செங்கல்பட்டு என்றாலும் அது ஒன்றுதான். எனவே பணத்தை வைத்து முடிவெடுக்காதே.

உன் சார் சொன்னதில் தப்பில்லை. செங்கல்பட்டு 1965-லேயே வந்தது, திருச்சி நெடுஞ்சாலை மேல் இருக்கிற ஆஸ்பத்திரி, விபத்துக் கேஸ் நிறைய வரும். தர்மபுரி 2008. ஆனால் அந்தக் கல்லூரியின் முதல் பேட்ச் பிள்ளைகள் இன்று எம்.டி., எம்.எஸ். முடித்துவிட்டு வேலை பார்க்கிறார்கள். புதுக் கல்லூரி என்று ஒதுக்குகிற காலம் அதற்குத் தாண்டிவிட்டது.

நீ தர்மபுரி போ. அதை நீயே தேர்ந்தெடுத்ததாக நினைத்துப் போ. வீட்டுக்காகப் பயப்படுவது குற்றம் ஒன்றும் இல்லை. தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளைக்கு மனம் அங்கே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். முன்னூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்தக் கவலை உன்னோடு பஸ் ஏறி வரும். பக்கத்தில் இருந்தால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம். மாதம் ஒன்றுதான். வாராவாரம் போனால் திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்து தூங்குவாய். ஹாஸ்டலைப் பற்றி மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான்.

இங்கிலீஷ் விஷயம். முதல் வாரம் 'ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு' என்று போர்டில் எழுதுவோம். கான்வென்டில் படித்துவிட்டு வந்த பிள்ளையும் அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்க்கும். உடற்கூறியலில் பாதிச் சொல் லத்தீன், மீதி கிரேக்கம். அங்கே எல்லோரும் ஒரே பெஞ்சு. உனக்குத் தடுமாற்றம் வருவது அந்தச் சொற்களுக்கு நடுவே வரும் சாதாரண வாக்கியத்தில். அதற்கு ஒரே வழி, தினமும் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிப்பது. ரூம்மேட் சிரித்தால் சிரிக்கட்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நீளமாகப் பேச முயற்சி செய்யாதே. சிறிய சிறிய வாக்கியமாகச் சொல். பதில் சரியாக இருந்தால் இலக்கணத்துக்கு மார்க் குறைக்கிற எக்ஸாமினர் அபூர்வம். நான் எக்ஸாமினராக இருந்தபோது, சரளமான இங்கிலீஷில் தப்புத் தப்பாகச் சொன்ன பிள்ளைகளிடம்தான் எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது.

2020-க்குப் பிறகு உன்னைப் போல் வந்த அண்ணன்களும் அக்காக்களும் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருக்கிறார்கள். முதல் வாரமே அவர்களைத் தேடிப் பிடி. அவர்கள் எழுதி வைத்த நோட்டு உனக்காகவே எழுதியது மாதிரி இருக்கும்.

வார்டுக்குப் போகும்போது பார், பென்னாகரத்துப் பாட்டி தன் வலியைச் சொல்வதைச் சென்னைப் பையன் உன்னிடம் வந்து கேட்பான். நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்டு வாங்கி ஹிஸ்டரி எடுப்பதுதான் மருத்துவத்தின் கடினமான பாடம். அதில் நீ வீட்டிலிருந்தே கொஞ்சம் படித்துவிட்டு வருகிறாய். தங்கை பத்தாவதா? அவளையும் விடாதே.

கேள்வி: என் மகனுக்கு மாநில ஒதுக்கீட்டில் கரூர் மருத்துவக் கல்லூரி வருகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டில் வடமாநிலம் ஒன்றில் பழைய அரசுக் கல்லூரி வருகிறது. கரூர் 2019-ல் வந்த கல்லூரி என்பதால் யோசிக்கிறோம். வெளிமாநிலம் போனால் உலகம் தெரியும் என்று மகன் சொல்கிறான். எங்கள் வீடு கரூரிலேயே.
- ஒரு தந்தை, கரூர்

பதில்: உலகம் தெரியட்டும், நல்லதுதான். அவனுக்கு அந்த மாநிலத்து மொழி தெரியுமா? வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளி ஆங்கிலத்தில் இருமமாட்டார். இரண்டாம் வருடத்திலிருந்து வார்டில் நின்று, எத்தனை நாளாகக் காய்ச்சல், எங்கே வலி, குடிப்பழக்கம் உண்டா என்று அந்த ஊர் மொழியில், அந்த ஊர்க் கிராமத்துப் பேச்சில் கேட்டு வாங்க வேண்டும். மொழிக்கு வெட்கப்படாமல் வாயைத் திறக்கிற பையன் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வான். கூச்சப்படுகிற பையன் ஐந்தரை வருடமும் நண்பனை மொழிபெயர்க்கச் சொல்லியே ஓட்டிவிடுவான், கேஸ் அவன் கைக்கு வராது. உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயத்தைச் சேருவதற்கு முன்பே படித்துவிடுங்கள். ஒன்று, பாண்டு. பல மாநிலங்களில் படிப்பு முடிந்ததும் அங்கே கிராமப்புறத்தில் வேலை பார்க்க வேண்டும், இல்லையேல் பெரிய தொகை கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் வருபவருக்கும் அது பொருந்துமா, எத்தனை வருடம், எவ்வளவு பணம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். கவுன்சலிங் தளத்தில் கல்லூரி விவரத்தில் போட்டிருப்பார்கள். அலாட்மென்ட் வந்த சந்தோஷத்தில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. இன்னொன்று, பி.ஜி. அரசுக் கல்லூரி முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, பாதி மாநிலத்துக்கு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு தருவது செல்லாது என்றும், படித்த கல்லூரியை வைத்து ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றும் சொல்லியிருக்கிறது. நம் ஊர்க்காரன் என்பதைவிட நம் ஊர்க் கல்லூரியில் படித்தவன் என்பதற்கு எடை கூடிவருகிறது. கடைசியில் தமிழ்நாட்டிலேயே பி.ஜி. படித்து இங்கேயே வேலை பார்க்கிற எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள்.

என் கருத்து கரூர். பையனை ஹாஸ்டலில் விடுங்கள். உள்ளூர்தானே என்று இரு சக்கர வாகனம் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கரூர் புதுக் கல்லூரிதான், பழைய கல்லூரி அளவுக்குப் பி.ஜி. மாணவர்கள் கூட்டம் இருக்காது. அதில் எம்.பி.பி.எஸ். மாணவனுக்கு ஒரு லாபம்: தையல் போடுவது, ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் ஹவுஸ் சர்ஜன் கைக்கே சீக்கிரம் வரும். பெரிய கல்லூரியில் பி.ஜி. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இப்போதைக்குத் தூரத்துக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, ஒரு வருடம் கழித்து எங்கள் ஊர்க் கல்லூரிக்கு மாற்றிக்கொள்ளலாமா? தெரிந்தவர் ஒருவர் 'செய்து தருகிறேன்' என்கிறார்.
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தத் தெரிந்தவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். முன்பு சில நிபந்தனைகளோடு இடமாற்றத்துக்கு வழி இருந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் கொண்டுவந்த விதிகள் அதை மூடின. வழக்கு, தீர்ப்பு என்று ஏதாவது மாறினாலும் அது அவரவர் தனிக் கஷ்டத்தைப் பார்த்துத் தருவதாக இருக்குமே தவிர, 'ஊர் பக்கம் வேணும்' என்பதற்குத் தரமாட்டார்கள். சேருகிற இடத்தில் ஐந்தரை வருடம் இருக்கப் போகிறோம் என்று நினைத்துச் சேருங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தூரத்தில் அரசுக் கல்லூரி. நிலம் ஒன்று இருக்கிறது, விற்றால் சமாளிக்கலாம்.
- ஒரு தந்தை, கடலூர் மாவட்டம்

பதில்: நிலத்தை விற்காதீர்கள். அரசுக் கல்லூரி எவ்வளவு தூரமாக இருந்தாலும் பஸ் டிக்கெட்டோடு முடிந்துவிடும். நிகர்நிலைகள் பலவற்றில் ஒரு வருடக் கட்டணமே இருபது லட்சத்தைத் தாண்டுகிறது.

கேள்வி: மகளுக்கு அட்மிஷன் ஆகிவிட்டது. 'எலும்பு செட்' வாங்க வேண்டும் என்று ஒருவர் போன் செய்து பல ஆயிரம் கேட்கிறார். அவசியமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அவசியமில்லை. உடற்கூறியல் துறையிலேயே எலும்புகள் இருக்கின்றன, வகுப்பிலும் மியூசியத்திலும் எடுத்துப் பார்க்கலாம். ஹாஸ்டலில் சீனியர்களிடம் ஒரு செட் கைமாறிக்கொண்டே இருக்கும், படித்து முடித்ததும் அடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மனித எலும்பைப் போனில் பேரம் பேசி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதைக்கு வெள்ளைக் கோட்டு இரண்டு வாங்குங்கள், ஒன்றைத் துவைக்கும்போது இன்னொன்று வேண்டும். டிசெக்ஷன் கருவிப் பெட்டியைக் கல்லூரியில் சொன்ன பிறகு வாங்கினால் போதும். ஒரு மேசை விளக்கும் வாங்கிக் கொடுங்கள், சீக்கிரம் தூங்குகிற ரூம்மேட் அமைந்தால் உதவும்.